‘தொடர்பு இல்லை’ என்று ஸ்கேனர் சொன்னால்: வாகன மொடியூல்களோடு பேசப் பழகுதல்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் தன் காரை ஓட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பக்கத்து ஆசனத்தில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதி ஒன்று இருந்தது. பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அரை நாள் அலைந்து வாங்கிய பழைய ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டி. முன்னர் பார்த்த கராஜில் ஸ்கேனர் வாகனத்தோடு பேசவில்லையாம். ‘ஈசியூ போய்விட்டது, வேறொன்று கொண்டு வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டார்களாம். எஞ்சின் ஈசியூ செத்துப்போன கார் காலி வீதி நெரிசலில் எப்படி ஓடி வந்தது என்று அங்கே ஒருவரும் யோசிக்கவில்லை. ஸ்கேனர் சொக்கெட்டில் மின்சாரம் வர வேண்டிய முனையில் மல்டிமீற்றரை வைத்தேன். 0 வோல்ட். அந்தக் காரில் சிகரட் லைட்டர் சொக்கெட்டும் அதே பியூஸில்தான் இருந்தது. அதனுள்ளே இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று விழுந்து கிடந்தது. நாணயத்தை எடுத்துவிட்டு 10 அம்பியர் பியூஸ் ஒன்றைப் போட்டதும் எல்லா மொடியூல்களும் (எஞ்சின், பிரேக், எயார்பேக் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய சிறு கணினிகள்) பேசின. பொதியிலிருந்த ஈசியூவைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் பிழைக் குறியீடுகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதில்தான் தொடங்குகிறார்கள். பட்டியல் எங்கேயும் கிடைக்கும், அதற்கு அவசரமில்லை. ஸ்கேனர் கேள்வி கேட்கும் கருவி; நோயைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. மொடியூல் கேட்டதற்கு மட்டும், தனக்குத் தெரிந்த மொழியில் கேட்டால் மட்டும் பதில் சொல்லும். அந்த உரையாடல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவருக்குப் பதில் வராமல் போனாலும் அது ஒரு தகவல்தான்.

1. சொக்கெட்டைப் பாருங்கள், உடனே குத்தாதீர்கள்

ஓட்டுநர் பக்கம், டாஷ்போர்ட்டின் கீழே சரிவக வடிவில் 16 முனைகள் கொண்ட சொக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்குக் கட்டாயமானது இது. ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001இலும் டீசல் கார்களுக்கு 2004இலும் கட்டாயமானது. ஜப்பானில் உள்ளூர்ப் பாவனைக்குச் செய்து பிறகு எங்களிடம் வந்து சேர்ந்த கார்களிலும் இதே சொக்கெட்தான் பெரும்பாலும் இருக்கிறது. ஆனால் உள்ளே எல்லா முனைகளும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. டோர்ச் அடித்துப் பாருங்கள்.

அகலமான பக்கம் மேலே இருக்கும்படி பார்த்தால் மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1 முதல் 8 வரை, கீழ் வரிசையில் 9 முதல் 16 வரை. இப்போதைக்கு ஆறு முனைகள் போதும். 4 வாகன உடலின் நிலம், 5 சமிக்ஞைக்கான நிலம், 16 பற்றரியின் நேர் முனை. 6உம் அதற்கு நேர் கீழே இருக்கும் 14உம், மொடியூல்கள் ஒன்றோடொன்று பேசும் ‘கேன்’ இணைப்பின் இரண்டு கம்பிகள். 7 என்பது ‘கே லைன்’ எனப்படும் பழைய ஒற்றைக் கம்பி.

முதல் அளவு 16க்கும் 4க்கும் இடையில், இரண்டாவது 16க்கும் 5க்கும் இடையில். சாவி இல்லாமலே இரண்டிலும் பற்றரி வோல்ட் வர வேண்டும். இரண்டிலும் வராவிட்டால் பியூஸ். ஒன்றில் வந்து மற்றதில் வராவிட்டால் நிலக் கம்பி. மல்டிமீற்றரின் தடித்த ஊசியை முனைக்குள் திணிக்காதீர்கள். உள்ளேயிருக்கும் தகடு விரிந்து, நாளைக்கு ஸ்கேனர் ஆடி ஆடித் தொடர்பு விட்டுவிட்டு வரும். மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை வைத்து அளவெடுக்கும் பழக்கம் நல்லது.

2. வாகனத்தை விழிக்க வையுங்கள்

சாவியை ‘ஓன்’ நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சின் ஓட வேண்டியதில்லை. பொத்தான் வைத்த ஹைபிரிட் கார்களில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். டொயோட்டா பிரியஸ், அக்வா போன்றவற்றில் பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும். ஒரு முறை அழுத்தினால் வானொலி பாடும், மொடியூல்கள் பல தூங்கிக்கொண்டே இருக்கும். பிரேக்கை மிதித்து அழுத்தினால் கார் நகரத் தயாராகிவிடும். கராஜுக்குள் அது வேண்டாத வேலை.

12 வோல்ட் பற்றரி தளர்ந்திருந்தால் மொடியூல்கள் ஆளுக்கொரு பொய்க் குறியீட்டைச் சொல்லும். நீண்ட நேரம் வேலை இருந்தால் சார்ஜரைக் கொளுவிவிட்டுத் தொடங்குங்கள்.

3. வாகனம் எந்த மொழி பேசுகிறது?

கொழும்பில் கடைக்காரரிடம் தமிழில் கேட்போம், முகத்தைப் பார்த்துச் சிங்களத்துக்கு மாறுவோம், அதுவும் சரிவராவிட்டால் ஆங்கிலம். ஸ்கேனர் திரையில் ‘தேடுகிறது’ என்று ஓடும்போது நடப்பதும் அதுதான். தனக்குத் தெரிந்த பேச்சு முறைகளில் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கிறது.

எங்கள் வீதிகளில் இந்த விஷயம் மற்ற ஊர்களைவிட முக்கியம். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலமெல்லாம் இருந்த கார்களையே பழுது பார்த்து ஓட்டினோம். ஆகவே காலையில் கே லைன் கார், மாலையில் கேன் கார் என்று ஒரே நாளில் இரண்டு தலைமுறைகளைத் தொட வேண்டி வரும்.

கே லைன் நிதானமான பேச்சு. ஒரே கம்பி, சும்மா இருக்கும்போது அதில் பற்றரி வோல்ட் நிற்கும். பேச்சைத் தொடங்கும் வழிகளில் பழையது, 33 என்ற முகவரியை விநாடிக்கு ஐந்து துடிப்பு வேகத்தில் அனுப்புவது. தொடக்க, முடிவுத் துடிப்புகளோடு சேர்த்துப் பத்துத் துடிப்பு; வணக்கம் சொல்லவே இரண்டு விநாடி. மொடியூல் 55 என்று பதில் கொடுத்து, தொடர்ந்து இரண்டு அடையாள எண்களைத் தரும். ஸ்கேனர் இரண்டாவதைத் தலைகீழாக்கி (0 துடிப்பை 1ஆகவும் 1ஐ 0ஆகவும் மாற்றி) திருப்பி அனுப்பும். மொடியூல் முகவரியைத் தலைகீழாக்கி அனுப்பி ‘சரி’ என்று ஒப்புக்கொள்ளும். அதன் பிறகே விநாடிக்கு 10,400 துடிப்பு வேகத்தில் உண்மையான பேச்சு. நடுவில் ஸ்கேனர் ஐந்து விநாடிக்கு மேல் மௌனமாக இருந்தால் மொடியூல் பேச்சை முடித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து வணக்கம். பழைய கார்களில் ஸ்கேனர் நிதானமாகத் தொடர்பு எடுத்தால் பொறுமையாக இருங்கள். இடையில் இழுத்துக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேன் வேறு ரகம். பொஷ் நிறுவனம் 1983இல் தொடங்கி 1986இல் வெளியிட்ட முறை. இரண்டு கம்பிகள், ஓய்வில் இரண்டும் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று ஏறக்குறைய 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். மொடியூல் பார்ப்பது இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும்தான். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பிகளையும் ஒன்றாகவே அசைப்பதால் வித்தியாசம் மாறாது. இரண்டையும் முறுக்கி ஓட்டியிருப்பதும் இதற்காகத்தான். அந்த முறுக்கைப் பிரித்து நீட்டி ஒட்டுப் போடாதீர்கள்.

இந்தக் கம்பியில் எல்லா மொடியூல்களும் ஒரே இணைப்பில் தொங்குகின்றன. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால், எந்தச் செய்தியின் முகவரி எண் சிறியதோ அதுவே தொடரும். மற்றவர் தானாக நிறுத்திக் காத்திருப்பார். ஸ்கேனரின் கேள்விக்குரிய எண்கள் வரிசையின் கடைசியில் இருக்கின்றன. பிரேக் பற்றிய செய்தி போகும்வரை உங்கள் கேள்வி ஒதுங்கி நிற்கும்.

4. 60 ஓம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கேன் இணைப்பின் இரண்டு அந்தங்களிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கிறது. கம்பியின் முனையில் மோதிய சமிக்ஞை எதிரொலியாகத் திரும்பி வராமல் அது விழுங்கிக்கொள்ளும். இரண்டு 120கள் பக்கவாட்டில் (சமாந்தரமாக) சேர்ந்தால் 60.

12 வோல்ட் பற்றரியின் எதிர் முனையைக் கழற்றுங்கள், சில நிமிடம் பொறுங்கள், 6க்கும் 14க்கும் இடையில் ஓமை அளவெடுங்கள். ஹைபிரிட் காரென்றால் செம்மஞ்சள் நிறக் கேபிள் எதையும் தொடக்கூடாது. நான் சொல்வது சிறிய பற்றரியை மட்டும்தான்.

60 வந்தால் கம்பி முழுதாக இருக்கிறது. 120 வந்தால் ஒரு அந்தம் துண்டிக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 0 வந்தால் இரண்டு கம்பிகளும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு முறை ஒரு வேனில் எனக்கு 40 வந்தது. மூன்று 120கள் சேர்ந்தால் 40. தொழிற்சாலை இரண்டைத்தான் போட்டது. மூன்றாவது எங்கிருந்து வந்தது? டாஷ்போர்ட்டுக்குள் கையை விட்டுத் தேடினால், பிறகு யாரோ பூட்டிய கண்காணிப்புக் கருவி ஒன்று தன் சொந்தத் தடையோடு கேன் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் 60. வேனில் மாதக்கணக்காக வந்து போன எச்சரிக்கை விளக்குகள் அதன் பிறகு வரவில்லை. வண்டிக்குப் பிறகு சேர்த்த எதையும் முதலில் சந்தேகப்படுங்கள்: எச்சரிக்கை மணி, பாட்டுப்பெட்டி, கமரா.

புதிய கார்களில் சொக்கெட்டுக்கும் உள் இணைப்புகளுக்கும் நடுவே ‘கேட்வே’ என்ற வாயில்காப்பு மொடியூல் நிற்கும். அங்கே இந்த அளவு வாயில்வரை உள்ள கம்பியைப் பற்றித்தான் சொல்லும்.

5. முதல் கேள்வி

இலகுவான கேள்வியிலிருந்து தொடங்குவோம்: எஞ்சின் நீரின் வெப்பநிலை என்ன? செய்திகளில் வரும் எண்கள் எல்லாம் பதினறும எண்முறையில், அதாவது பதினாறை அடியாகக் கொண்டு, 9க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளால் எண்ணும் முறையில்.

ஸ்கேனர் 7டிஎஃப் என்ற முகவரியில் 02 01 05 என்று அனுப்புகிறது. 7டிஎஃப் என்றால் ‘அங்கே யார் இருந்தாலும்’ என்று பொருள். 02, தொடர்ந்து இரண்டு பைட் வருகிறது என்ற அறிவிப்பு. 01, இப்போதைய அளவைச் சொல் என்ற கட்டளை. 05, நீரின் வெப்பநிலை.

எஞ்சின் மொடியூல் 7ஈ8 என்ற முகவரியிலிருந்து 03 41 05 78 என்று பதில் தருகிறது. மூன்று பைட் வருகிறது. 41 என்பது கேட்ட 01உடன் 40 கூட்டியது. ‘நீ கேட்டதற்குத்தான் இந்தப் பதில்’ என்று அது அடையாளம் வைக்கும் முறை. 05 மீண்டும் தலைப்பு. கடைசி 78தான் விடை. ஏழு பதினாறு 112, அதோடு 8, மொத்தம் 120. அதிலிருந்து 40 கழித்தால் 80 பாகை செல்சியஸ். நாற்பதைக் கழிப்பது, சுழியத்துக்குக் கீழான வெப்பநிலையையும் ஒரே பைட்டில் சொல்வதற்கான ஏற்பாடு. கொழும்பில் அது தேவைப்படாது, ஜப்பானின் குளிர் மிகுந்த ஹொக்கைடோவில் தேவைப்படும்.

இவ்வளவும் 50 மில்லி விநாடிக்குள் முடிய வேண்டும். இந்த ஒரு பதில் வந்துவிட்டால் பியூஸ், நிலம், கம்பி, மொழி, மொடியூலின் மூளை எல்லாம் சரி என்று தெரிந்துவிடும். அதனால்தான் குறியீடுகளைக் கேட்பதற்கு முன் இதைக் கேட்கச் சொல்கிறேன்.

6. நீண்ட பதில்

ஒரு கேன் செய்தியில் எட்டு பைட்தான் கொள்ளும். 17 எழுத்து வாகன அடையாள எண் எப்படி வரும்? மொடியூல் முதலில் 10 14 49 02 01 என்று தொடங்கி மூன்று எழுத்தைத் தந்துவிட்டு நிற்கும். 14 என்பது பதினறுமத்தில் 20; மொத்தம் இருபது பைட் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்கிறது. ஸ்கேனர் 30 00 00 என்று ‘தொடரலாம்’ சொன்னால்தான் 21, 22 என்று இலக்கமிட்ட இரண்டு செய்திகளில் ஏழேழு எழுத்து வரும். மூன்றும் பதினான்கும் பதினேழு. மலிவான அடாப்டரில் மூன்று எழுத்து மட்டும் வந்து நின்றால், பெரும்பாலும் அந்தத் ‘தொடரலாம்’ போகவில்லை. மொடியூலைக் குறை சொல்லாதீர்கள்.

இங்கே எங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஜப்பானின் உள்ளூர்ப் பாவனைக்குச் செய்த கார்களுக்கு 17 எழுத்து எண் கிடையாது. மாதிரிக் குறியோடு கூடிய சேசிஸ் எண்தான். ஸ்கேனரில் ‘தானாக அடையாளம் காண்’ என்று அழுத்தினால் அது விழிக்கும். பட்டியலில் ஜப்பான் சந்தையைத் தேர்ந்து, மாதிரியையும் ஆண்டையும் நீங்களே கொடுங்கள். ஐரோப்பிய வகையைத் தேர்ந்தால் சில மொடியூல்கள் ‘இல்லை’ என்று வரும். இருக்கிற மொடியூலை இல்லையென்று எழுதிக் கொடுத்தவராவீர்கள்.

7. மறுப்பும் பதில்தான்

மேலே சொன்னவை சட்டம் கட்டாயப்படுத்திய பொதுக் கேள்விகள். எயார்பேக், ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பு), கதவு, ஹைபிரிட் பற்றரி ஆகியவற்றோடு பேசத் தயாரிப்பாளரின் சொந்தக் கேள்விகள் தேவை. இவற்றுக்குப் புதிய கார்கள் பலவற்றில் யுடிஎஸ் என்ற முறை அடிப்படை. 22 என்றால் ஒரு தகவலை வாசி, 19 என்றால் குறியீடுகளைச் சொல், 14 என்றால் அழி, 31 என்றால் ஒரு சோதனையை ஓட்டு. ஆழமான வேலைக்கு முதலில் 10 03 என்று விசேட அமர்வு கேட்க வேண்டும். கிடைத்த பின், ‘இன்னும் இருக்கிறேன்’ என்று 3ஈ என்ற செய்தியை ஸ்கேனர் அடிக்கடி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐந்து விநாடி அது நின்றால் அமர்வு கலைந்துவிடும்.

மறுக்கும்போது மொடியூல் 7எஃப் என்று தொடங்கி, கேட்ட கட்டளையையும் காரணத்தையும் சேர்த்துத் தரும். காரணம் 11 என்றால் அந்தக் கட்டளையே எனக்குத் தெரியாது. 31 என்றால் அந்தத் தகவல் என்னிடம் இல்லை. 22 என்றால் நிலைமை சரியில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கலாம், கியர் தவறாக இருக்கலாம். 33 என்றால் பூட்டியிருக்கிறேன், 27ஆம் கட்டளையால் திறந்து வா. அந்தத் திறப்பில் மொடியூல் ஓர் எண்ணைக் கொடுக்கும், அதற்குச் சரியான விடை எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிழையாகப் பல முறை முயன்றால் கதவைச் சிறிது நேரம் அடைத்துவிடும். 78 மறுப்பே அல்ல, ‘சற்றுப் பொறு’ என்ற பதில். அது வந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்கியவர்கள், அதுவும் மென்பொருள் ஏற்றும்போது பிடுங்கியவர்கள், உண்மையாகவே ஈசியூ தேடிப் பஞ்சிகாவத்தைக்குப் போயிருக்கிறார்கள்.

7எஃப் வந்த மொடியூல் உயிரோடு இருக்கிறது என்பதை வாடிக்கையாளருக்கும் சொல்லுங்கள்.

8. இப்போது குறியீடுகள்

03 என்று கேட்டால் 43 01 03 01 என்று வரலாம். 43 பதில் அடையாளம், 01 ஒரு குறியீடு இருக்கிறது, 03 01 அந்தக் குறியீடு. முதல் இலக்கம் 0 முதல் 3 வரை இருந்தால் ‘பி’ வகை, எஞ்சினும் கியரும். ஆகவே இது பி 0301: முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. ‘சி’ பிரேக், ஸ்டியரிங் பக்கம். ‘பி’ போலவே ஒலிக்கும் இன்னொன்று உடற்பகுதிக்குரியது. ‘யு’ மொடியூல்களுக்கு இடையிலான பேச்சு.

அழிப்பதற்கு முன் 02 என்று கேட்டு, பிழை பதிந்த கணத்தின் வேகம், வெப்பநிலை, சுழற்சி எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். 04 கொடுத்தால் குறியீட்டோடு இந்தச் சாட்சியமும் போய்விடும். குறியீட்டை வாசித்த உடனேயே அழிக்கும் பழக்கம் எங்கள் கராஜ்களில் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் கோபம் உண்டு.

குறியீடு உதிரிப்பாகத்தின் பெயர் அல்ல. பி 0171 வந்தால், காற்றோடு எரிபொருள் போதாது என்று மட்டும்தான் மொடியூல் சொல்கிறது. அதைக் கண்டு சொன்னது ஒட்சிசன் சென்சர் என்பதற்காகச் சென்சரை மாற்றுவது, எய்தவன் இருக்க அம்பை நோவது. வெடித்த ரப்பர் குழாய் ஒன்றால் காற்று திருட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் பி 0ஏ80 வந்தால் ‘ஹைபிரிட் பற்றரியை மாற்று’ என்று திரை சொல்லும். கேட்டவர் முகம் கறுத்துவிடும். அங்கே நிற்காமல் அடுத்த கேள்வியைக் கேளுங்கள். 28 கலத் தொகுதிகளை இரண்டிரண்டாக, 14 சோடிகளாகப் பற்றரி மொடியூல் கண்காணிக்கிறது. 14 வோல்ட் அளவுகளையும் ஒன்றாகத் திரையில் வைத்து, காரைச் சுமையில் ஓட்டச் செய்து பாருங்கள். பதின்மூன்று சேர்ந்து இறங்க, ஒன்று மட்டும் குப்புற விழுந்தால் பிரச்சினை எங்கே என்று தெரியும். எல்லாம் ஒன்றாகத் தளர்ந்திருந்தால் அது வேறு கதை, வேறு செலவு.

‘யு’ வகையில் யார் புகார் சொல்கிறார் என்பதைவிட யாரைப் பற்றி எல்லோரும் புகார் சொல்கிறார்கள் என்று பாருங்கள். யு 0121 என்பது ஏபிஎஸ் மொடியூலின் குரல் கேட்கவில்லை என்ற முறைப்பாடு. எஞ்சின், ஸ்டியரிங், மீற்றர் மூன்றும் அதையே சொல்லி, நீங்கள் நேரில் கேட்டும் ஏபிஎஸ் மௌனமாக இருந்தால், அதன் பியூஸ், அதன் நிலக் கம்பி, அதன் பிளக் என்ற வரிசையில் போங்கள். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் நீரில் நின்ற கார்கள் பல இன்னும் கைமாறி ஓடுகின்றன. அத்தகைய காரில் கால் மிதிப்புக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். பிளக்கைக் கழற்றினால் செப்பு பச்சை பூத்திருக்கும். ஒரு முனையில் பூத்தாலே போதும், மொடியூல் ஊமையாகிவிடும். சுத்தம் செய்து, உலர்த்தி, கொளுவி, அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். பதில் வந்த பின்பு குறியீடுகளை அழித்து, காரை மருதானைவரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இன்னொரு முறை கேளுங்கள். திரும்பி வராத குறியீட்டுக்குத்தான் பில் எழுதலாம்.